வெறுங்கை கற்பித்த பள்ளியாசிரியர்

சனிக்கிழமை காலை தொடங்கி ஞாயிறு மாலை முடியும் கராத்தே பயிற்சி முகாம்கள் தமிழகத்துச் சிற்றூர்களுக்கு இன்று புதியன அல்ல. பள்ளி மைதானத்திலோ, முகூர்த்தம் இல்லாத நாளில் வாடகைக்குக் கிடைக்கும் திருமண மண்டபத்திலோ, வெள்ளுடை அணிந்த பிள்ளைகள் வரிசை வரிசையாக மண்டியிட்டு அமர்கின்றனர். சோட்டோகான் என்னும் கராத்தே மரபைச் சார்ந்த முகாமாயின், பயிற்சி தொடங்குமுன் ஒரு முதியவரின் படத்தை நோக்கி அனைவரும் தலை தாழ்த்துவர். ஜப்பானிய உடையில் அமைதியான முகத்தோடு அமர்ந்திருக்கும் அம்முதியவர் ஃபுனகோஷி கிச்சின். கராத்தே பயில்வோர் அவரை ஆசான் என்ற அளவில் அறிவர். முப்பதாண்டுகளுக்கு மேல் அவர் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பதையும், கவிதை எழுதியவர் என்பதையும், சோட்டோகான் என்ற பெயரே அவருடைய புனைபெயரிலிருந்து பிறந்தது என்பதையும் அறிந்தோர் குறைவு. இலக்கிய வட்டத்தின் மலரில் ஒரு கராத்தே ஆசானுக்கு என்ன இடம் என்று கேட்போருக்கு, அவர் ஒரு சொல்லின் எழுத்தை மாற்றிய வரலாறே விடையாகும்.

ஜப்பானின் தென்கோடியில், சீனக் கடலோரமாக நீண்டு கிடக்கும் ரியுக்யு தீவுகளுள் பெரியது ஒகினாவா. அதன் பழைய தலைநகரமாகிய ஷுரியில் 1868 நவம்பர் 10-ஆம் நாள் கிச்சின் பிறந்தார். தனி அரசாக விளங்கிய ரியுக்யுவை 1609-இல் ஜப்பானின் சாட்சுமா குறுநிலத் தலைவர்கள் படையெடுத்துப் பணிய வைத்தனர். பெயரளவில் எஞ்சியிருந்த அரசும் 1879-இல் நீக்கப்பட்டு, ஒகினாவா ஜப்பானின் ஒரு மாவட்டமாயிற்று. கிச்சினுக்கு அப்போது பதினோரு வயது நிரம்பவில்லை. தன் மண் தன் பெயரை இழந்ததைக் கண்ணால் கண்ட தலைமுறை அவருடையது. பின்னாளில் அத்தீவின் பள்ளிகளில் தாய்மொழியிற் பேசிய பிள்ளையின் கழுத்தில் தண்டனைக்குரிய மரப்பலகையைத் தொங்கவிடும் வழக்கம் புகுந்தது. இதனை மனத்திற் கொண்டாலன்றி அவர் வாழ்வின் பிற்பகுதியை எடைபோட இயலாது.

குறைமாதக் குழந்தையாகப் பிறந்தவர் என்பதால் நெடுநாள் வாழமாட்டார் என்றே உறவினர் எண்ணினர். தாய்வழிப் பாட்டன் வீட்டில் வளர்ந்தார். பாட்டனார் சீன மொழியின் பழம்பெரும் நூல்களைக் கற்பித்தார். தந்தை குடிப்பழக்கத்தால் குடும்பச் சொத்தைக் கரைத்தவர். மருத்துவம் பயில வேண்டும் என்பது இளைஞரின் விருப்பம். டோக்கியோ மருத்துவப் பள்ளித் தேர்வை எழுத 1870-இலோ அதன் பின்னரோ பிறந்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது, எனவே பிறப்புப் பதிவை இரண்டாண்டு தள்ளி மாற்றினார், தேர்விலும் வென்றார். ஆயினும் சேர முடியவில்லை. குடுமி வைத்திருப்போருக்கு அப்பள்ளியில் இடமில்லை; அவர் குடும்பமோ குடுமியை இழப்பது குலமானத்தை இழப்பதற்கு ஒப்பாகும் என்று கருதிய பழமைவாதிகளின் அணியைச் சேர்ந்தது. ஒரு மயிர்க்கற்றை ஒரு மருத்துவரைத் தடுத்தது. தமிழகத்திலும் குடுமியா கிராப்பா என்ற வழக்கு வீட்டுக்கு வீடு நடந்த காலம் ஒன்றிருந்தது. ஆதலால் அக்குடும்பத்தின் பிடிவாதம் நமக்கு விளங்காதது அன்று.

அந்த நலிந்த உடம்பை வலுப்படுத்திய கலை ஒரு பள்ளித் தோழனின் வீட்டிலிருந்து வந்தது. தோழனின் தந்தை அசாட்டோ அன்கோ, வாட்பயிற்சியும் கல்வியும் ஒருங்கே பெற்ற பெருங்குடியினர். ஒகினாவாவின் கைப்போர்க் கலை அக்காலத்தில் வெளிப்படையாகக் கற்பிக்கப்படவில்லை. எனவே இரவில், சிறு விளக்கொன்றைக் கையிற் பிடித்துக்கொண்டு, இருண்ட வழியே மாணவர் ஆசான் வீட்டுக்குச் சென்றார். விடியுமுன் திரும்பிவிடுவார். அவர் நாள்தோறும் எங்கே போய்வருகிறார் என்று அண்டை வீட்டார் வேறுவிதமாக ஐயுற்றதும் உண்டு.

அங்கே நடந்த பயிற்சி எத்தகையது? எதிரியைக் கற்பனையில் நிறுத்தித் தனியே செய்யும் அசைவுத் தொடரைக் கட்டா என்பர். ஒரே கட்டாவை இரவு தோறும், மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் செய்யச் சொன்னார் அசாட்டோ. திண்ணையில் அமர்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். இன்னொரு முறை என்பதும், மிக அரிதாக நன்று என்பதும் தவிர அவர் வாயிலிருந்து வேறு சொல் வராது. மூன்று கட்டாக்களைக் கற்க ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின. இன்றைய இரண்டு நாள் முகாமில் மூன்று நான்கு கட்டாக்களைக் கற்றுச் சான்றிதழும் பெற்றுத் திரும்பும் பிள்ளைகளை நினைத்தால் இந்தக் கணக்கு திகைப்பூட்டும். முகாம் நடத்துவோரைக் குறை கூறுவதற்கில்லை. பேருந்து ஏறி வரும் பிள்ளைக்கு ஆண்டில் கிடைப்பதே இரண்டு நாள். ஆனால், யாப்புப் பயிற்சியில் ஒரு வெண்பாவையே ஓராண்டு எழுதி எழுதிக் கிழித்த கவிஞர் எவரேனும் இருப்பின், அசாட்டோவின் முற்றத்தில் நடந்தது என்னவென்பது அவருக்கு எளிதிற் புலப்படும். அசாட்டோவின் நண்பரான இதோசு அன்கோவும் கிச்சினுக்கு ஆசானாயினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கலையை ஒகினாவாப் பள்ளிகளின் பாடமாக்கிய பெருமை இதோசுவுக்கு உரியது.

1888-இல் கிச்சின் தொடக்கப் பள்ளியில் துணையாசிரியர் ஆனார். ஆசிரியர்க்கும் குடுமி விலக்கு உண்டு. மருத்துவத்திற்காக இழக்க ஒப்பாத குடுமியைச் சோற்றுக்காக இழக்க நேர்ந்தது. குடுமியின்றி வீடு திரும்பிய மகனைக் காணத் தந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். தாய் பின்வாசல் வழியே பிறந்தகம் போய்விட்டார்.

ஆசிரியர்ச் சம்பளம் சிறிது, குடும்பம் பெரிது. அந்தக் குடும்பத்தைத் தாங்கியவர் அவருடைய மனைவி. பகலில் சிறு நிலத்தில் காய்கறி பயிரிட்டும், இரவில் தறியில் அமர்ந்து ஒகினாவாத் துணி நெய்தும் பிள்ளைகளை வளர்த்தார். தறியோசையைக் கேட்டு வளரும் காஞ்சி மாவட்டத்துப் பெண்களுக்கு அந்த இரவுகள் அயலானவை அல்ல. கணவன் ஊர் ஊராகச் சென்று கலை கற்பதை அவர் ஒருநாளும் தடுக்கவில்லை. தாமும் கராத்தே பழகியிருந்தார். அக்கம்பக்கத்துச் சண்டைகளை விலக்கித் தீர்த்துவைப்பவரும் அவரே. கராத்தே நூல்கள் ஆசான்களின் பட்டியலில் இப்பெண்மணியைச் சேர்ப்பதில்லை.

இக்காலத்து நிகழ்ச்சி ஒன்று. மாமனார் வீட்டில் முன்னோர்க்குப் படைப்பதற்காகப் பலகாரம் வாங்கிக்கொண்டு கிச்சின் தனிவழியே சென்றார். பைன் தோப்பின் அருகே இருவர் வழிமறித்துக் கையிலிருந்ததைக் கேட்டனர். அவ்விருவரையும் வீழ்த்த அவருக்கு ஒரு கணம் போதும். அவர் பலகாரத்தைக் கொடுத்துவிட்டு நடந்தார். பின்னர் இதனை ஆசான்கள் இருவரிடமும் சொன்னபோது, இதோசு அவரைப் பாராட்டினார். அசாட்டோ மட்டும், படையல் பறிபோன பின் முன்னோர் முன்னிலையில் என்ன வைத்தாய் என்று வினவினார். வைக்க ஏதுமில்லாததால் மனமார வணங்கினேன் என்று மாணவர் கூறவே, இப்போதுதான் உனக்குக் கராத்தே விளங்கத் தொடங்கியிருக்கிறது என்ற கருத்தில் அசாட்டோ மகிழ்ந்தார். குழந்தை உள்ள வீட்டுக்கும் கோயிலுக்கும் வெறுங்கையோடு போகலாகாது என்பது நம் வழக்கு. அன்று கிச்சின் வெறுங்கையோடுதான் போனார். இருபதாண்டுகள் பல கழிந்த பின் அவர் ஒரு கலைக்கே இட்ட பெயர் இந்த நிகழ்ச்சிக்குள் உறங்கிக் கிடந்தது எனலாம்.

ஷுரியின் அருகே புலிவால் என்று பொருள்படும் தொராவோ என்ற குன்று உண்டு. பைன் மரங்கள் அடர்ந்த அக்குன்றில் பள்ளிப் பணியும் பயிற்சியும் முடிந்த வேளைகளில் அவர் தனியே உலவுவார். மரங்களினூடே காற்று புகும்போது எழும் ஓசை கடலலை போன்றது. சவுக்குத் தோப்பில் நின்று கண்ணை மூடிக் கேட்டவர்க்கு அவ்வோசை தெரியும். பைன் அலை என்னும் பொருளுடைய சோட்டோ என்பதைப் புனைபெயராகக் கொண்டு அவர் கவிதைகள் எழுதினார். கலையை எவருக்கும் காட்டாது கற்ற காலத்தில், தாம் எழுதியதற்கு இட்ட பெயர் அது.

1921 மார்ச்சில் ஐரோப்பியப் பயணத்தின் வழியில் பட்டத்து இளவரசர் ஹிரோஹிதோ ஒகினாவாவில் இறங்கினார். ஷுரிக் கோட்டையில் அவர் முன் நடந்த கராத்தே நிகழ்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் ஃபுனகோஷி. அடுத்த ஆண்டு, 1922-இல், கல்வி அமைச்சகம் டோக்கியோவில் உடற்பயிற்சிக் கண்காட்சி ஒன்றை நடத்தியது. தம் கலையின் நிலைகளைப் படங்களாக்கிச் சுருள்களில் ஒட்டி எடுத்துக்கொண்டு அவர் தலைநகர் சேர்ந்தார். அப்போது வயது 53. உத்திரமேரூர்க் கல்வெட்டு ஊர்ச்சபை வாரியத்துக்கு வகுத்த வயது 35-க்கு மேல் 70-க்குள். அந்தக் கணக்கில் அவர் பொறுப்பேற்கத் தகுந்த பருவத்தினர்தான். ஆனால் சபையில் அமர்ந்து ஊரை ஆளும் வயதில் அவர் ஊரை விட்டு மாணவர் விடுதிக்குக் குடிபோனார்.

கண்காட்சி முடிந்து திரும்பிவிடுவதே அவர் எண்ணம். ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ தம் கோடோகான் பள்ளியில் அக்கலையைச் செய்துகாட்டுமாறு அழைத்தார். டோக்கியோவில் படித்துக்கொண்டிருந்த ஒகினாவா மாணவர் கிமாவைத் துணைகொண்டு, நூற்றுக்கு மேற்பட்டோர் முன்னிலையில் ஃபுனகோஷி செய்துகாட்டினார். இன்னும் சில நாள் தங்கிக் கற்பிக்குமாறு கானோ வேண்டினார். ஒகினாவா சென்றிருந்தபோது இக்கலையைக் கண்டு வியந்த ஓவியர் கோசுகி ஹோவானும் தம் ஓவிய நண்பர்க்குக் கற்பிக்கும்படி கேட்டார். சில நாள் என்றது எஞ்சிய வாழ்நாள் முழுவதுமாயிற்று. கானோ பெரும் பதவிகள் வகித்தவர். ஜப்பானிய அரசியலிலும் கல்வியிலும் செல்வாக்குடையவர். தென்தீவிலிருந்து வந்த வறிய ஆசிரியரைத் தம் பள்ளிக்குள் இழுத்துக்கொள்ள அவர் முயன்றிருந்தால் கராத்தே ஜூடோவின் ஒரு பிரிவாக முடிந்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. 1938-இல் கானோ மறைந்த பின்னர், கோடோகானைக் கடக்கும்போதெல்லாம் ஃபுனகோஷி தொப்பியைக் கழற்றி வணங்கியதாக மாணவர்கள் சொல்வதுண்டு. கானோவின் ஜூடோ அதற்கு முன்னரே இந்தியாவை எட்டிவிட்டது: 1929-இல் தாகூரின் அழைப்பை ஏற்றுத் தகாகாகி ஷின்சோ சாந்திநிகேதனுக்கு வந்து கற்பித்தார்.

வெறுங்கை முழம் போடாது என்பது பழமொழி. டோக்கியோவில் ஃபுனகோஷியின் முதல் சில ஆண்டுகள் அதற்கு உரை எழுதின. ஒகினாவா மாணவர்க்கான மெய்செய் ஜுக்கு விடுதியின் சிறு அறையில் தங்கினார். வாடகைக்கு ஈடாகக் காவல் பார்த்தார், முற்றம் பெருக்கினார், தோட்ட வேலை செய்தார். விடுதிச் சமையற்காரருக்குக் கராத்தே கற்பித்து உணவுக் கட்டணத்தில் குறைவு பெற்றார். அதுவும் போதாதபோது, ஒகினாவாவிலிருந்து கொண்டுவந்த கைத்தறி உடையையும் பழைய தொப்பியையும் அடகுக் கடையில் வைத்தார். அவற்றின் பெறுமதிக்கு மிஞ்சியே பணம் கிடைத்தது. காரணம் பின்னர்த் தெரிந்தது: கடைக்காரரின் உறவினர் ஒருவர் அவருடைய மாணவராம். காலையில் அவர் முற்றம் பெருக்கக் கண்ட செய்தியாளர் ஒருவர் அவரை வேலையாளெனக் கருதி, ஃபுனகோஷி எங்கே என்று வினவிய வேடிக்கையும் நடந்தது. உள்ளே சென்று உடை மாற்றிக்கொண்டு வந்து, தாமே அவர் என்று அறிமுகம் செய்துகொண்டாராம்.

1922-லேயே அவருடைய முதல் நூல் வெளிவந்தது. அட்டையை வடிவமைத்தவர் கோசுகி. கலையைக் கற்க ஒரு நூல் வேண்டுமென்று ஃபுனகோஷியை எழுதத் தூண்டியவரும் அவரே. இன்று சோட்டோகான் மாணவர் உடையில் காணப்படும் புலிச் சின்னம் அந்த ஓவியரின் தூரிகையில் பிறந்தது. மறு ஆண்டு செப்டம்பர் முதல் நாள் நிகழ்ந்த பெருநிலநடுக்கத்தில் அந்நூலின் அச்சுத் தகடுகள் அழிந்தன. 1925-இல் திருத்திய நூலும் 1935-இல் கராத்தே-தோ கியோஹான் என்னும் பெருநூலும் வந்தன. 1924-இல் கெய்யோ பல்கலைக்கழகத்தில் கராத்தேக் குழு தோன்றியது. ஏனைய பல்கலைக்கழகங்களும் தொடர்ந்தன. அவ்வாண்டில்தான் அவர் முதன்முறையாகத் தம் மாணவர் சிலருக்குக் கறுப்புப் பட்டை வழங்கினார். பட்டை முறையும் வெள்ளுடையும் கானோவின் ஜூடோவிலிருந்து பெற்றவை. தொன்மையின் அடையாளமென்று முகாமில் பிள்ளைகள் பெருமையோடு இடுப்பில் கட்டும் பட்டைக்கு நூறாண்டு வரலாறே உண்டு.

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம். ஒகினாவாவில் இக்கலையைக் கை என்ற பொருளில் தே என்றும், சீனத்துத் தாங் அரசமரபைக் குறிக்கும் எழுத்தை முன்னிட்டுச் சீனக் கை என்ற பொருளில் கராத்தே என்றும் வழங்கினர். ஜப்பானிய மொழியில் கரா என்ற ஒலிக்கு வேறொரு எழுத்தும் உண்டு. அதன் பொருள் வெறுமை. ஒலி ஒன்றே, எழுத்து வேறு, பொருளும் வேறு. சிலேடையில் வாழும் தமிழ்க் கவிஞர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெறுமை என்னும் எழுத்தை 1905-லேயே ஒகினாவாவில் ஹனாஷிரோ சோமோ ஒருமுறை ஆண்டிருக்கிறார் என்பதால் புதுமை முழுவதையும் ஃபுனகோஷிக்கு உரிமையாக்குதல் பொருந்தாது. ஆனால் அந்த மாற்றத்தை வற்புறுத்தி, அதற்குப் பொருளும் கற்பித்து, நிலைபெறச் செய்தவர் அவர். காமகுரா நகரத்து எங்காகுஜி மடத்தின் தலைமைத் துறவி ஃபுருகாவா கியோதோவை நாடிக் கலந்துபேசிய பின், 1929-இல் கெய்யோக் குழுவினர் புதிய எழுத்தை மேற்கொண்டனர். உருவமும் வெறுமையும் வேறல்ல என்று கூறும் இதய சூத்திரத்தின் உட்கோள் அதற்கு அடிப்படையாயிற்று. ஆயுதமற்ற கை என்பது மேலோட்டமான பொருள். தன்னலமும் சினமும் நீங்கிய உள்ளம் என்பது உள்ளுறை.

வெறுமையைப் பேசிய பௌத்தம் காஞ்சிக்கு அந்நியமன்று. மணிமேகலை அறவண அடிகளிடம் அறம் கேட்டு நோன்பு தாங்கியது கச்சியில்தான். நாலந்தாவில் தலைமை வகித்த தருமபாலர் காஞ்சியிற் பிறந்தவர் என்று ஏழாம் நூற்றாண்டில் இங்கு வந்த சீனப் பயணி சுவான்சாங் குறித்திருக்கிறார். போதிதருமரைப் பற்றியும் ஒரு சொல் இங்கே வேண்டும். இந்தியாவிலிருந்து சீனத்து ஷாவ்லின் மடத்துக்குச் சென்ற போதிதருமர் துறவிகளுக்கு உடற்பயிற்சி கற்பித்தார், அதுவே இக்கலைகளின் ஊற்று என்ற மரபுச் செய்தியை ஃபுனகோஷியும் தம் நூலில் எடுத்துரைத்தார். அவர் காஞ்சி இளவரசர் என்பது நம்மவர் பெருமிதத்தோடு சொல்லும் செய்தி. சான்றுகளோ இவ்வளவு தெளிவாகப் பேசவில்லை. 547-ஐ ஒட்டி எழுந்த சீன நூல் அப்பெயருடைய துறவியைப் பாரசீகர் என்கிறது. தான்லின் என்பவர் எழுதிய முன்னுரை தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறது. காஞ்சியின் பெயர் வருவது பிற்கால மரபில். அவர் பெயரால் வழங்கும் உடற்பயிற்சி நூலோ பதினேழாம் நூற்றாண்டில் எழுந்தது. ஆகவே, கராத்தே காஞ்சியிலிருந்து சென்றது என்று மேடையில் முழங்குவது ஆய்வுக்கு ஒவ்வாது. கை வீச்சுக்குக் காஞ்சியைத் தந்தையாக்க வேண்டியதில்லை. வெறுமை என்ற சொல்லின் உறவே போதிய உறவு.

எழுத்து மாற்றத்தின் மறுபக்கமும் நோக்கத்தக்கது. 1930-களில் ஜப்பான் சீனத்தின்மேல் படை செலுத்திக்கொண்டிருந்தது. சீனம் என்னும் அடையாளத்தை ஒரு கலையின் பெயரிலிருந்து நீக்குவது அந்தச் சூழலுக்கு மிக இசைந்த செயல். ஃபுனகோஷி அதோடு நிற்கவில்லை. பினான் என்பதை ஹெய்யான் என்றும், நைஹாஞ்சி என்பதை டெக்கி என்றும், கட்டாக்களின் சீன, ஒகினாவாப் பெயர்களை ஜப்பானியர் நாவுக்கு இசைய மாற்றினார். ஒகினாவா ஆசான்கள் பலர் சினந்தனர். முன்னோர் தந்ததை விற்றுவிட்டார் என்ற பழியும் எழுந்தது. ஆயினும் 1936 அக்டோபர் 25-ஆம் நாள் நாஹா நகரிற் கூடிய ஆசான்கள் வெறுங்கை என்னும் எழுத்தை ஏற்றனர். அந்நாளையே கராத்தே நாளாக ஒகினாவா அரசு 2005-இல் அறிவித்தது. தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் பலகை தொங்கிய நாட்டின் ஆசிரியர், தம் கலை பிழைக்க வேண்டுமாயின் அது ஆள்வோர் மொழியில் பெயர்பெற வேண்டும் என்று கண்டார். தமிழாசிரியர்க்கு இம்முடிவு உவப்பாக இராது. ஆனால் அவர் மாற்றாதிருந்தால் அப்பெயரை மட்டுமின்றிக் கலையையும் டோக்கியோ புறக்கணித்திருக்கக் கூடும். வெறுமையில் அவர் கண்ட மெய்ப்பொருள் பொய்யன்று; காலத்தின் நெருக்கடியும் பொய்யன்று. இரண்டையும் சேர்த்தே அவரைக் காண வேண்டும்.

மாணவர்கள் பொருள் திரட்டி டோக்கியோவின் மெஜிரோப் பகுதியில் ஒரு பயிற்சிக்கூடம் எழுப்பினர். 1939-இல் அதன் வாயிலில் சோட்டோவின் இல்லம் என்று பொருள்படும் சோட்டோகான் என்ற பலகையைத் தொங்கவிட்டனர். எழுபது வயதைக் கடந்த ஆசானின் கவிப்பெயர் இவ்வாறு கலையின் பெயராயிற்று. தமக்கென ஒரு பிரிவை நிறுவ அவர் விரும்பியவரல்லர். கராத்தே ஒன்றே என்பதே அவர் கொள்கை.

போர் முற்றியது. பயிற்சிக்கூடத்துக்கு வந்த இளைஞர்கள் படையில் சேரும் ஆணையோடு விடைபெற வந்தனர். நாள்தோறும் முகங்கள் குறைந்தன. முதல் அடியைத் தாம் அடிப்பதில்லை என்ற கொள்கையைக் கற்ற மாணவர்கள், முதல் அடியைத் தொடுத்த ஒரு நாட்டின் படையில் சென்று மடிந்தனர். ஆசான் அந்நாட்டை எதிர்த்துப் பேசியதாகத் தெரியவில்லை. மாணவர் மறைவை எண்ணி உருகியதைத் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1945-இல் குண்டுவீச்சில் சோட்டோகான் எரிந்தது. தமக்குப் பின் கலையைத் தாங்குவார் என்று நம்பிய மகன் கிகோவும் அவ்வாண்டில் காசநோயால் மறைந்தார். ஒகினாவாப் போரில் ஷுரிக் கோட்டை தரைமட்டமாயிற்று.

மனைவி இத்தனை ஆண்டும் ஒகினாவாவிலேயே இருந்தார். முன்னோர் வழிபாட்டை விட்டு வர அவர் இசையவில்லை. டோக்கியோவில் கணவர், ஷுரியில் முன்னோர் என இரு கடமைகளைப் பிரித்துக்கொண்டனர். போர் அவரைத் தீவினின்று பெயர்த்துக் கியூஷுவின் ஓய்தாப் பகுதிக்குத் துரத்தியது. ஃபுனகோஷி அங்கே சென்று அவரோடு சேர்ந்தார். கால் நூற்றாண்டுப் பிரிவுக்குப் பின் அமைந்த இல்வாழ்க்கை. கடற்கரையில் பாசி பொறுக்கியும் காய்கறி வளர்த்தும் ஏதிலிகளாக வாழ்ந்தனர். 1947-இல் அவ்வம்மையார் காலமானார். அவருடைய எலும்புகளைத் தாங்கி ஃபுனகோஷி தனியே டோக்கியோவுக்குத் திரும்பினார்.

எஞ்சிய மாணவர்கள் ஒன்றுகூடி 1949-இல் ஜப்பான் கராத்தே சங்கத்தை அமைத்து அவரைப் பெருந்தலைவராக்கினர். கராத்தேயைப் போட்டியாக்குவதில் அவருக்கு உடன்பாடு இல்லை. (2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் அது இடம்பெற்றதும், ஆடவர் கட்டாப் பிரிவில் ஒகினாவாவைச் சேர்ந்த கியுனா ரியோ தங்கம் வென்றதும் அவர் கனவிலும் கண்டிராதவை.) வைகறையில் எழுந்து, தலைமயிரை நெடுநேரம் வாரி ஒழுங்குசெய்து, முதலில் அரசர் மாளிகை இருந்த திசையையும் அடுத்து ஒகினாவா இருந்த திசையையும் நோக்கி வணங்குவது அவர் வழக்கம் என்று மாணவர் நினைவுகூர்ந்துள்ளனர்.

முதுமையில் ஓரிரவு அவர் வீடு திரும்புகையில் ஒருவன் மறித்துத் தாக்கினான். ஃபுனகோஷி ஒதுங்கி அவனது உயிர்நிலையைப் பற்றிக்கொண்டார். அவ்வழியே வந்த காவலரிடம் அவனை ஒப்படைத்துவிட்டு வீடு சென்றார். அக்கம்பக்கத்தார் கேட்டால் வியந்திருப்பர். அவரோ நாணினார். போரிலிருந்து திரும்பி வயிற்றுக்கு வழியின்றித் திரிந்த ஒருவன் அவன். அவனுக்கு எதிராகத் தாம் கையோங்கியது தம் கொள்கைக்கு இழுக்கு என்று தம் தன்வரலாற்றில் எழுதினார். பைன் தோப்பருகே பலகாரத்தைக் கொடுத்துவிட்டு நடந்த இளைஞரின் கணக்கில் இது தோல்விதான். அந்தத் தன்வரலாறு 1956-இல் வெளிவந்தது.

1957 ஏப்ரல் 26-ஆம் நாள், தம் 88-ஆம் வயதில், ஃபுனகோஷி டோக்கியோவில் மறைந்தார். இறுதிச் சடங்கை யார் நடத்துவது என்பதிலேயே மாணவர்கள் பிணங்கி இரு பிரிவாயினர்; அப்பிளவு இன்றும் ஆறவில்லை. அவர் பிறந்த நூற்றாண்டாகிய 1968-இல், வெறுமை என்ற எழுத்துக்கு இசைவு தந்த எங்காகுஜி மடத்து வளாகத்தில் நினைவுக்கல் நாட்டி, முதல் அடி இல்லை என்ற அவர் கொள்கையைப் பொறித்தனர். அவர் நாள்தோறும் வணங்கிய ஒகினாவா அப்போதும் அமெரிக்க ஆட்சியில்தான் இருந்தது. அது ஜப்பானிடம் திரும்பியது 1972-இல்.